எத்தனை தரம் வடித்தாலும்

மாணவர் பகுதி: இரசாயனவியல்



வீதெரகோவென்ட பள்ளியில் ஷெமி படிக்கும் மாணவி ஒருவர் வார இறுதி வகுப்பொன்றில் கேட்ட கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம். பள்ளி ஆய்வுகூடத்தில் அவர்கள் வைனைக் காய்ச்சி வடித்திருக்கிறார்கள். அறிக்கை எழுத உட்கார்ந்தபோது அவருக்கு ஓர் எண்ணம் தோன்றியது. "சேர், எதனோல் 78 பாகையில கொதிக்குது. தண்ணி 100 பாகையில. ஒருக்கா வடிச்சதைத் திருப்பி வடிச்சா இன்னும் சுத்தமாகும். அப்பிடியே பத்துத் தரம் வடிச்சா நூறு வீத எதனோல் வரும்தானே?"

வராது. பத்துத் தரம் அல்ல, ஆயிரம் தரம் வடித்தாலும் வராது. நிறைப்படி 95.6 சதவீதத்தில் அது நின்றுவிடும். மிகுதி 4.4 சதவீத நீர், எவ்வளவு உயரமான நிரலை வைத்தாலும் எதனோலோடு சேர்ந்தே ஆவியாகி, சேர்ந்தே ஒடுங்கும். "22 பாகை வித்தியாசம் இருக்கே!" என்று அவர் விடவில்லை. விடாததே நல்லது. அந்த வித்தியாசத்தை நம்பிக் கணக்குப் போடுவது பரீட்சையில் புள்ளியைக் குறைக்கும். பரீட்சைக்கு வெளியே அதனால் உயிரும் போயிருக்கிறது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

கோயில் மலரில் மதுசாரத்தைப் பற்றி எழுதலாமா என்று சிலர் முகம் சுழிக்கக்கூடும். குடிப்பதற்கு வழி சொல்லவில்லை, குடியாமல் இருப்பதற்கு ஒரு காரணம்தான் சொல்லப் போகிறேன். மேலும், ரொம்மனிலிருந்து சில கிலோமீற்றர் தூரத்தில் யெல்லரோசன் மேட்டில் ஆர்குஸ் நிறுவனம் தொடங்கிய பெரிய வடிசாலை 2012 முதல் இயங்கி வருகிறது. அதற்கு முன் அது ஹாஸ்லெயில் இருந்தது. எங்கள் பிள்ளைகள் பஸ்ஸில் அதைக் கடந்து போகிறார்கள். உள்ளே நடக்கும் இரசாயனத்தை மட்டும் அறியாமல் இருப்பானேன்?

முதலில் இலட்சியக் கரைசல் என்பதைப் பார்ப்போம். நொர்ஸ்க்கில் இதனை இடியெல் லோஸ்னிங் என்பார்கள். ஒவ்வொரு திரவத்துக்கும் ஒரு வெப்பநிலையில் ஓர் ஆவியமுக்கம் உண்டு, நொர்ஸ்க்கில் டம்ப்ட்ருக். திரவத்திலிருந்து தப்பி வெளியேற மூலக்கூறுகளுக்கு இருக்கும் வேகத்தின் அளவு அது என்று வைத்துக்கொள்ளலாம். அது வெளி அமுக்கத்தை எட்டும்போது திரவம் கொதிக்கிறது. வளிமண்டல அமுக்கம் 760 மில்லிமீற்றர் இரசம். இரண்டு திரவங்களைக் கலந்தால் என்ன ஆகும்? பிரான்சின் கிரெனோபிள் நகரில் பேராசிரியராக இருந்த பிரான்சுவா ரவூல் 1880களில் இதற்கு ஓர் எளிய விதியைச் சொன்னார். எங்கள் நாட்டுப் பாடநூல்களில் இரவோற்றின் விதி என்று வருவது இதுதான். கலவையில் ஒரு கூறு மூலக்கூறு எண்ணிக்கைப்படி எத்தனை பங்கு இருக்கிறதோ, அதன் ஆவியமுக்கமும் தூய நிலையில் இருந்ததன் அத்தனை பங்காகக் குறையும்.

பென்சீனும் தொலுயீனும் இதற்கு வழக்கமான உதாரணம். 20 பாகையில் பென்சீனின் ஆவியமுக்கம் ஏறக்குறைய 75 மில்லிமீற்றர், தொலுயீனுடையது 22. சரிபாதி மூலக்கூறுகளாகக் கலந்தால் பென்சீன் 37.5, தொலுயீன் 11, மொத்தம் 48.5. ஆவியில் பென்சீனின் பங்கு 37.5ஐ 48.5ஆல் வகுத்தால் 77 சதவீதம். திரவத்தில் 50 இருந்தது ஆவியில் 77 ஆகிவிட்டது. அந்த ஆவியை ஒடுக்கி மறுபடி வடித்தால் இன்னும் ஏறும். இங்கே மாணவியின் எண்ணம் சரி: திரும்பத் திரும்ப வடித்தால் வேண்டிய அளவு தூய்மைக்குப் போகலாம். காரணம், இவ்விரண்டும் ஒரே சாயலுள்ள மூலக்கூறுகள். பென்சீனுக்குப் பக்கத்தில் பென்சீன் இருந்தாலும் தொலுயீன் இருந்தாலும் பிடிமானத்தில் பெரிய வேறுபாடில்லை.

இலட்சியக் கரைசல் என்றால் இலகுவாகப் பிரியும் என்று நினைத்துவிடவும் கூடாது. சாதாரண நீரும் பாரநீரும் ஏறக்குறைய இலட்சியக் கலவை. ஆனால் கொதிநிலைகள் 100, 101.4. வித்தியாசம் ஒன்றரைப் பாகைகூட இல்லை. ரியூக்கன் அருகே வேமூர்க்கில் நொர்ஸ்க் ஹீட்ரோ 1934இல் பாரநீர் உற்பத்தி தொடங்கியபோது வடிப்பை நம்பவில்லை, மலையருவி மின்சாரத்தைக் கொண்டு மின்பகுப்பையே நம்பியது. 1943இல் நோர்வேப் போராளிகள் தகர்த்தது இந்தப் பாரநீர் ஆலையின் கலங்களைத்தான். அங்கே தடை சிறிய வித்தியாசம். எங்கள் எதனோலில் வித்தியாசம் தாராளம். தடை வேறிடத்தில் இருக்கிறது.

எதனோலும் நீரும் சேரும் இடத்துக்கு வருவோம். அன்னதான மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஊர்க்காரர் வட்டமாக உட்கார்ந்து கதைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த வட்டத்துக்குள் யாரையும் தெரியாத ஒருவர் வந்து மாட்டினால், சாப்பிட்ட கையோடு வாசலை நோக்கிப் போய்விடுவார். நீர் மூலக்கூறுகள் அப்படியான ஊர்க்காரர். ஒவ்வொன்றும் நான்கு பக்கமும் ஐதரசன் பிணைப்பால் கைகோத்து நிற்கும். எதனோலுக்கு ஒரு முனையில் நீரைப் போன்ற ஐதரொட்சில் கூட்டம் உண்டு, மறுமுனையில் இரு காபன் கொண்ட வால் உண்டு. கை கொடுக்க ஒரு முனை, கொடுக்காத மறு முனை. ஆகவே நீர்க் கூட்டத்தில் தனித்த எதனோல், இரவோற்றின் விதி சொல்வதைவிட அதிகமாக வெளியேறப் பார்க்கும். இதையே நேர் விலகல் என்கிறோம்.

பாடநூல்கள் பெரும்பாலும் இத்துடன் விட்டுவிடும். ஆனால் அந்த 4.4 சதவீதத்தை விளக்குவது மறுபக்கம். எதனோல் நிறைந்த கலவையில் தனித்து நிற்கும் நீரின் நிலை என்ன? சுற்றிவர வால்கள். நான்கு கையும் கோக்க இடமில்லை. இப்போது நீர்தான் அந்நியர். நீர்தான் வாசலை நோக்கும். தூய நிலையில் 100 பாகையில் கொதிக்கும் நீர், இந்தக் கூட்டத்தில் அகப்பட்டால் தன் கொதிநிலையை மறந்தவர்போல் நடக்கிறது.

எண்களால் பார்த்தால் தெளிவாகும். மாணவர்கள் பேனையை எடுங்கள். வடிப்பு நின்றுவிடும் அந்தக் கலவையில் 100 மூலக்கூறுகளுக்கு எதனோல் 89.4, நீர் 10.6. அது 78.15 பாகையில் கொதிக்கிறது. அந்த வெப்பநிலையில் தூய எதனோலின் ஆவியமுக்கம் ஏறக்குறைய 755 மில்லிமீற்றர், தூய நீருடையது ஏறக்குறைய 329. இரவோற்றின்படி எதனோல் 0.894 தர 755, அதாவது 675. நீர் 0.106 தர 329, அதாவது 35. மொத்தம் 710. 760க்கு இன்னும் 50 குறைகிறது. ஆகவே விதிப்படி இது கொதிக்கவே கூடாது. ஆனால் கொதிக்கிறது. குறைந்த ஐம்பதை யார் தந்தது? எதனோல் தன் பங்குக்கு ஏறக்குறைய 679 தருகிறது. கணக்கிலிருந்து அது அதிகம் விலகவில்லை. நீர் 35 தரவேண்டிய இடத்தில் 81 தருகிறது, அதாவது 2.3 மடங்கு. அந்த 81ஐ 760ஆல் வகுத்துப் பாருங்கள்: 0.106. திரவத்தில் நீரின் பங்கு எதுவோ அதுவே ஆவியிலும். திரவமும் ஆவியும் ஒரே சேர்க்கை என்றால் வடிப்பதில் என்ன பயன்? பானையில் உள்ளதே குழாயால் வரும்.

இந்தக் கலவைக்கு மாறாக் கொதிநிலைக் கலவை என்று பெயர். அசெயோத்ரோப் என்று நொர்ஸ்க்கில் சொல்வார்கள். கொதிக்கும்போது மாறாதது என்ற பொருளில் கிரேக்க வேர்களைச் சேர்த்து 1911இல் ஜோன் வேட், மெரிமன் என்ற இரு ஆங்கில இரசாயனவியலாளர் ஆக்கிய சொல் அது.

இன்னொரு விடயத்தையும் மாணவர்கள் கவனிக்க வேண்டும். நேர் விலகல் என்றால் கலக்கும்போது வெப்பம் உறிஞ்சப்படும், கனவளவு கூடும் என்று ஓர் அட்டவணையை மனப்பாடம் செய்கிறீர்கள். 50 மில்லிலீற்றர் எதனோலையும் 50 மில்லிலீற்றர் நீரையும் கலந்து பாருங்கள். 100 வராது, ஏறக்குறைய 96தான் வரும். குடுவையும் சற்றுச் சூடாகும். அட்டவணைக்கு இரண்டும் நேர்மாறு. ஆயினும் ஆவியமுக்கத்தில் இது நேர் விலகலே. வாலைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் தங்களை ஒழுங்குபடுத்திக்கொள்வதால் வந்த வினை இது. அட்டவணை பல கலவைகளுக்குச் சரி, எல்லாவற்றுக்கும் அல்ல. என் அனுபவத்தில், இந்த இடத்தில் தடுமாறுபவர்கள் பெரும்பாலும் நன்றாக மனப்பாடம் செய்தவர்களே!

கொதிநிலை மாறாமல் நின்றால் அது தூய பதார்த்தம் என்று சிறிய வகுப்பில் படித்தோம். அதுவும் இங்கே உதவாது. 19ஆம் நூற்றாண்டில் பெரியவர்களே இதில் ஏமாந்தார்கள். ஐதரோகுளோரிக்கமிலத்தைக் கொதிக்கவைத்தால் 20.2 சதவீதத்தில், 108.6 பாகையில் அசையாமல் நிற்கும். நீரும் அமில வாயுவும் குறிப்பிட்ட விகிதத்தில் சேர்ந்த ஒரு சேர்வை இது என்று பலர் எண்ணினர். மன்செஸ்டரில் ஹென்றி ரொஸ்கோ 1860 அளவில் அமுக்கத்தை மாற்றி மாற்றி வடித்துப் பார்த்தார். அமுக்கம் மாற, நிற்கும் சதவீதமும் மாறியது. சேர்வையானால் அதன் விகிதம் அமுக்கத்துக்கு ஏற்ப மாறாது. ஆகவே அது வெறும் கலவைதான். எதனோலிலும் அப்படியே: அமுக்கத்தை ஏறக்குறைய 70 மில்லிமீற்றருக்குக் கீழே இறக்கினால் தடை மறைந்துவிடும்.

அப்படியானால் நூறு சதவீத எதனோல் எப்படித்தான் கிடைக்கிறது? வடிப்போடு இன்னொரு தந்திரம் வேண்டும். 1902இல் சிட்னி யங் பென்சீனைச் சேர்த்தார். பென்சீன், நீர், எதனோல் மூன்றும் சேர்ந்து 65 பாகையளவில் கொதித்து, நீரை இழுத்துக்கொண்டு முதலில் போய்விடும். ஒரு தடையை உடைக்க இன்னொரு மாறாக் கொதிநிலைக் கலவையையே கருவியாக்கினார். முள்ளை முள்ளால் எடுத்த கதை. பென்சீன் புற்றுநோய் தருவது என்று தெரிந்த பின் சைக்கிளோஹெக்சேன் வந்தது. இன்றைய ஆலைகளில் பெரும்பாலும் சியோலைற்று மணிகள். அவற்றில் 3 அங்ஸ்ட்ரம் அகலமான துளைகள். நீர் மூலக்கூறு நுழையும், எதனோல் நுழையாது. சியோலைற்று என்பதற்குக் கொதிக்கும் கல் என்று பொருள். 1756இல் அயல்நாடான சுவீடனில் குரோன்ஸ்டெட் அதைச் சூடாக்கியபோது நீராவி குமிழியிட்டதால் இட்ட பெயர் அது. காருக்கு அடிக்கும் பெற்றோலில் கலக்கும் எதனோலுக்கு இந்த உலர்த்தல் கட்டாயம். நீர் கூடினால் தாங்கியின் அடியில் தனிப் படையாக இறங்கிவிடும். ஸார்ப்ஸ்போர்க்கில் பொர்ரகோர் ஆலை 1938 முதல் ஸ்புரூஸ் மரத்திலிருந்து எதனோல் எடுத்து வருகிறது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்கலாம். மதுசாரம் என்றால் போத்தல் மட்டும்தான் என்றில்லை.

இனி மறை விலகல். மண்டபத்தில் இரண்டு பேர் பல ஆண்டுகளுக்குப் பின் சந்தித்துக்கொண்டால் கதவு சாத்தும்வரை எழும்ப மாட்டார்கள். சில திரவங்களும் அப்படி. தூய நைத்திரிக்கமிலம் 83 பாகையில் கொதிக்கிறது, நீர் 100இல். இரண்டும் சேர்ந்த 68 சதவீதக் கலவை 120.5 பாகைவரை போகாமல் இருக்கும். தனித்தனியே இருந்த இரண்டு கொதிநிலைகளையும் கலவை தாண்டிவிட்டது. அமிலம் தன் புரோத்தனை நீருக்குக் கொடுத்து அயன்களாகிவிடுவதால் வந்த நெருக்கம் இது. ஊரில் தட்டாரிடம் திராவகம் என்று இருந்த போத்தலும் இதுதான். அறுபத்தெட்டுக்கு மேல் செறிவாக்க வேண்டுமானால் வெறும் வடிப்பு போதாது, நீரைப் பிடித்துவைக்கச் சல்பூரிக்கமிலம் போன்ற ஒன்று வேண்டும்.

நோர்வேயில் இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1994 முதல் புழக்கத்தில் இருந்த பழைய 200 குரோணர்த் தாளில், கொட் மீன் வருவதற்கு முன், ஒரு பெரியவர் படம் இருந்தது நினைவிருக்கும். அவர் கிறிஸ்டியான் பிர்க்கலன்ட், ஒஸ்லோப் பல்கலைக்கழகப் பேராசிரியர். அவரும் பொறியியலாளர் சாம் ஐடேயும் மின்வில்லால் காற்றையே எரித்து, வரும் வாயுவைக் கருங்கற் கோபுரங்களில் நீரில் கரைத்து நைத்திரிக்கமிலம் செய்தார்கள். நொர்ஸ்க் ஹீட்ரோ 1905இல் நொட்டொட்டனில் தொடங்கியது இதற்காகவே. கோபுரத்தில் கிடைத்தது 30 சதவீத அளவான நீர்த்த அமிலம். அதைச் செறிவாக்கப் புறப்பட்டிருந்தால் 68இல் முட்டியிருப்பார்கள். அவர்கள் அமிலத்தைச் சுண்ணக்கல்லில் ஊற்றிக் கல்சியம் நைத்திரேற்று உரமாக்கி, நோர்வே வெடியுப்பு என்ற பெயரில் விற்றார்கள். தடையோடு மல்லுக்கட்டாமல் பக்கத்தால் போன புத்தி எனக்கு மிகவும் பிடிக்கும். ரியூக்கனும் நொட்டொட்டனும் 2015இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தன. கோடை விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிச் செல்ல நல்ல இடம்.

நேர் விலகலின் எல்லைக்கே போனால், அதாவது இரண்டு திரவங்களும் கலக்கவே மறுத்தால், அது கோயிலுக்கு உதவும். அபிடேகத்துக்குப் பன்னீர் வாங்குகிறோம். ரோசாவின் மணப்பொருள்களான ஜெரானியோல், பினைல் எதனோல் ஆகியவை ஏறக்குறைய 220 பாகையிலோ அதற்கு மேலோ கொதிப்பவை. அந்தச் சூட்டில் பூவே கருகிவிடும். ஆனால் நீரோடு சேர்த்துக் காய்ச்சினால், ஒன்றையொன்று கவனியாமல் ஒவ்வொன்றும் தன் ஆவியமுக்கத்தைத் தனியாகத் தரும். இரண்டின் கூட்டுத்தொகை 760ஐ எட்டினால் போதும். ஆகவே 100 பாகைக்குச் சற்றுக் கீழேயே மணம் நீராவியோடு ஏறி வந்துவிடுகிறது. ஒடுங்கியபின் எண்ணெய் மேலே மிதக்கும். பினைல் எதனோல் நீரில் ஓரளவு கரைவதால் கீழே உள்ள நீரில் தங்கிவிடும். பன்னீரின் வாசனைக்கு அதுவே முக்கிய காரணம்.

இனி, முன்னர் பின்போட்ட விடயம்.

இங்கே யெம்மெபிரென்ட் என்று வீட்டில் வடிக்கும் சரக்கு பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். ஊரில் கசிப்பு. வீட்டில் வடிப்பது இந்நாட்டில் சட்டவிரோதம். ஆயினும் இரண்டு நாட்டிலும் ஒரே நம்பிக்கை உலாவுகிறது: "மெதனோல்தான் நஞ்சு. அது 65 பாகையில கொதிக்கும், எதனோல் 78இல. ஆகவே முதலில வாறதை ஊத்திவிட்டா நஞ்சு போயிடும்." நொர்ஸ்க்கில் அந்த முதல் வடிக்கு ஃபோர்லொப் என்று பெயரும் உண்டு. கேட்பதற்கு மிகவும் நியாயமான வாதம். மாணவியின் பத்துத் தர வடிப்பைப் போலவே கொதிநிலை வித்தியாசத்தை மட்டும் நம்பிய வாதம். அதே காரணத்தால் பிழையான வாதம்.

மெதனோலும் எதனோலும் மட்டும் இருந்தால் அவை ஏறக்குறைய இலட்சியக் கலவை, மெதனோல் முந்தும். ஆனால் பானையில் பெரும்பங்கு நீர். நீர்க் கூட்டத்தில் மெதனோலுக்கு ஒரு காபன் மட்டுமுள்ள குட்டை வால். ஓரளவு ஒத்துப்போய் இருந்துவிடும். எதனோலின் வால் நீளம். அதை நீர் கூடுதலாகத் தள்ளும். அளந்த கணக்கு இப்படி: 100 மூலக்கூறுகளில் 2 மெதனோலும் மிகுதி நீருமாக உள்ள கலவையைக் கொதிக்கவைத்தால், ஆவியில் 13 மெதனோல். 2 எதனோலும் மிகுதி நீருமாக இருந்தால், ஆவியில் 17 எதனோல். கொதிநிலை கூடிய எதனோலே அதிகம் வெளியேறுகிறது! நீர் நிறைந்த பானையில் மெதனோல் முந்தாது. முதல் வடியிலும் இருக்கும், நடுவிலும் இருக்கும், கடைசியிலும் இருக்கும். முதல் வடியில் மூக்கைத் துளைக்கும் நெடி அசற்றல்டிகைட்டு முதலியவற்றின் நெடி. அவை உண்மையிலேயே முதலில் வருபவை. நெடி போனதும் நஞ்சு போய்விட்டது என்று மனிதன் நினைக்கிறான். மெதனோலுக்கு எதனோலிலிருந்து வேறுபடுத்தக்கூடிய மணமோ சுவையோ கிடையாது. கொளுத்தி நீலச் சுவாலை பார்ப்பதும் பரிசோதனை ஆகாது, இரண்டும் நீலமாகவே எரியும்.

வெறும் தானியத்தையோ கள்ளையோ புளிக்கவைத்தால் உண்டாகும் மெதனோல் மிகச் சொற்பம். கூட்டமாக ஆட்கள் இறக்கும் சம்பவங்களில் தொழிற்சாலை மெதனோலை யாரோ கலந்திருப்பார்கள். 2002 செப்டெம்பர் முதல் 2004 இறுதிவரை நோர்வேயில் நடந்தது இதுதான். தென் ஐரோப்பாவிலிருந்து கடத்திவந்த சரக்கில் ஐந்தில் ஒரு பங்கு மெதனோல். 59 பேர் நஞ்சுண்டனர், 17 பேர் இறந்தனர். தமிழ்நாட்டில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024 ஜூனில் 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு நவம்பரில் லாவோசின் வாங் வியெங் நகரில் இறந்த ஆறு சுற்றுலாப் பயணிகளில் இருவர் அயல்நாடான டென்மார்க்கின் இளம்பெண்கள். வீதெரகோவென்ட முடித்ததும் முதுகுப்பையோடு ஆசியா சுற்றப் புறப்படும் பிள்ளைகள் எங்கள் வீடுகளிலும் இருக்கிறார்கள். "எங்கட பிள்ளை தொடாது" என்பது பெற்றோரின் நம்பிக்கை. நம்பிக்கை இருக்கட்டும், இந்தத் தகவலும் பிள்ளையிடம் இருக்கட்டும்.

மெதனோல் உடலுக்குள் போய் முதலில் ஒன்றும் செய்யாது, வெறி மட்டும் வரும். ஈரலில் உள்ள நொதியம் அதை ஃபோமல்டிகைட்டாகவும் பின் ஃபோமிக்கமிலமாகவும் மாற்றும்போதே ஆபத்து தொடங்குகிறது. 12 முதல் 24 மணித்தியாலம் கழித்து வாந்தி, வயிற்றுநோ, மூச்சு வாங்குதல், பார்வை மங்கல் அல்லது பனி பெய்வதுபோல் கண்ணில் வெண்மை. எதனோலும் சேர்த்துக் குடித்திருந்தால் இன்னும் பிந்தும்; ஏனெனில் நொதியம் எதனோலையே முதலில் எடுக்கும். மருத்துவர்கள் இதையே சிகிச்சையாகவும் கொள்கிறார்கள். ஆஸ்பத்திரியில் அளவோடு எதனோலோ, நொதியத்தைத் தடுக்கும் ஃபொமெபிசோல் மருந்தோ கொடுத்து, தேவையானால் இரத்தத்தைச் சுத்திகரித்து மெதனோலை அகற்றுவார்கள். வீட்டில் வைத்துச் செய்யும் வைத்தியம் அல்ல இது. "வெறி முறியட்டும், படுக்கவிடு" என்று விட்டுவிடுவதே உயிரை வாங்கும் பிழை. சந்தேகம் வந்தால் இந்நாட்டில் நஞ்சுத் தகவல் நிலையமான யிஃப்ட்இன்ஃபொர்மாசூனனை 22 59 13 00 இலக்கத்தில் எந்நேரமும் அழைக்கலாம். மயக்கமோ மூச்சுத்திணறலோ இருந்தால் நேரே 113. குடித்தது சட்டவிரோதச் சரக்கு என்பதற்காக வெட்கப்பட்டுத் தாமதிக்க வேண்டாம். மிகுதி இருந்தால் போத்தலையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி கேட்ட மாணவிக்கும் ஏனையோருக்கும் ஒரு பயிற்சி. கை சுத்திகரிக்கும் திரவங்களில் வரும் ஐசோபுரோபைல் மதுசாரத்தின் மூலக்கூற்றுத் திணிவு 60. அது தனியே 82.3 பாகையில் கொதிக்கும். நீருடன் சேர்ந்து நிறைப்படி 87.7 சதவீதத்தில் 80.4 பாகையில் மாறாமல் கொதிக்கும். அ. இது நேர் விலகலா, மறை விலகலா? ஆ. அந்தக் கலவையின் 100 மூலக்கூறுகளில் மதுசாரம் எத்தனை, நீர் எத்தனை? இ. எதனோலுக்கு 89 ஆக இருந்த எண் இங்கே ஏன் குறைந்தது? வால் எத்தனை காபன் என்று பாருங்கள்.

(விடை: அ. நேர் விலகல். ஆ. மதுசாரம் 68, நீர் 32. இ. மூன்று காபன், நீருடன் ஒத்துப்போவது இன்னும் குறைவு. விலகல் கூடக்கூட, தடை நீர் நிறைந்த பக்கம் நகரும்.)